பாவலர் சரித்திரத்திற் குயவர்

1859ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சேறிய 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை ஈழத்திலே தமிழிலக்கிய வரலாறு பயில்வோர் யாவரும் அறிவர். கற்பிட்டிச் சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய அந்நூல், ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாற்றை முதன்முதலாகத் தொகுத்துத் தந்தது. அதன் வழியைப் பின்பற்றி 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' செய்தார். 1939இல் சி. கணேசையரின் 'ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரிதம்' வெளிவந்தது. இம்மூன்று நூல்களுக்கும் நாம் பட்டுள்ள கடன் பெரிது. எனினும் இவற்றின் பின்னே எழுதப்படாத விதியொன்று இருப்பதைக் காண்கிறோம்: ஏட்டில் எழுதியவனுக்கே சரித்திரம் உண்டு. மரத்திலும் இரும்பிலும் மண்ணிலும் தன் வாழ்நாளைச் செலவிட்டவனுக்கு அது இல்லை.

காசிச்செட்டியின் நூல் வெளிவந்த அதே 1859ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலே, எட்ஜ்பீல்ட் என்னும் சிற்றூரை அடுத்த சூளையொன்றில், அடிமைக் குயவர் ஒருவர் இரு பெருஞ்சாடிகளை வனைந்து முடித்தார். ஒவ்வொன்றும் நாற்பது கலனுக்கு மேற்கொள்வது. மண் ஈரம் உலருமுன் அவற்றின் தோளிலே கூரிய கோலொன்றினால் நாளையும் பெயரையும் ஈரடிப் பாவொன்றையும் பொறித்தார். அவர் பெயர் டேவ். விடுதலைக்குப் பின் டேவிட் டிரேக் என அறியப்பட்டவர் அவரே. ஏட்டுக்குரிய எழுத்தையும் சூளைக்குரிய மண்ணையும் ஒரே கையால் ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குயவர் என்ற வகையில், நமது பாவலர் சரித்திரங்கள் எழுப்பத் தவறிய வினாவொன்றை அவர் எழுப்புகின்றார். அவ்வினாவை யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் நின்றுகொண்டு கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுப்பகுதியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனையவை வழக்கொழிந்தன. டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. அந்த டெல்வ்ற், சீனப் பீங்கானைப் பார்த்து நீலமும் வெள்ளையுமாகப் பாண்டம் செய்து பதினேழாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற குயவர் நகரம். உலகறிந்த குயவர் ஊரொன்றின் பெயரைத் தாங்கிய நம் தீவிலே, பாண்டம் செய்த ஒருவரின் பெயரைத்தானும் எழுதிவைத்த ஏடு இல்லை.

பாண்டங்களுக்குக் குறைவில்லை என்பதுதான் வியப்பு. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் கண்டெடுத்த சீனக் கலவோடுகள், பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் ஊர்காவற்றுறைக் கடல்வழி கொண்டிருந்த வாணிகச் சிறப்பை உணர்த்துவன. 2018இல் சீன அகழ்வாய்வாளரும் அங்கு வந்து தோண்டினர். நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க வேண்டும் என்றும், உடைந்த மரக்கலத்துப் பொருளில் அரசுக்குரிய பங்கு இவ்வளவு என்றும் விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணர்ந்த கலம் உடைந்தாற் காற்பங்கு. வாணிகப் பண்டம் கொணர்ந்த கலம் உடைந்தாற் சரிபாதி. அல்லைப்பிட்டியில் எடுத்த சீனப் பாண்டங்களும் அக்கடல்வழி வந்த பண்டங்களே. அவற்றுக்கும் மிக முந்திய காலத்துப் பெருங்கற்பண்பாட்டுச் சின்னங்களை வேலணைச் சாட்டியிலும் காரைநகர்க் களபூமியிலும் பொ. இரகுபதி அடையாளங் கண்டார். கறுப்புச் சிவப்பு மட்கலங்களின் ஓடுகள் அப்பண்பாட்டின் தலையாய தடயம். ஆகவே தீவுகளின் மிகப் பழைய ஆவணம் மட்பாண்டமே எனலாம். மன்னன் பேசுமுன் இங்கு பானை பேசியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீவுவாழ்வில் மட்பாண்டம் எத்தனை இடத்தில் நின்றது என்பதை இன்று நினைவூட்டவேண்டியுள்ளது. நல்ல தண்ணீருக்குப் பெயர்போன சாட்டிக் கிணறுகளை நோக்கிப் பெண்கள் நடந்த ஊர்களிலே குடம் என்பது வெறும் ஏனமன்று. அது நாளின் பாதி. பனையின் பாளையிற் கட்டிய முட்டி, உட்புறம் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர் தரும், பூசாவிட்டாற் கள் தரும். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை, பூசைக்குக் கும்பம், ஈற்றிற் சுடலையிலே தோளிற் சுமந்து உடைக்குங் கொள்ளிக்குடம். பிறப்பு முதல் இறப்பு வரை குயவர் கை படாத சடங்கு அரிது. ஆனால் இவை யாவும் உடைவதற்கென்றே செய்யப்பட்டவை. தணிந்த வெப்பத்திற் சுட்ட மட்கலம் நீரைக் குளிரச் செய்யும், நெடுநாள் நில்லாது. ஏடு பழுதானாற் படியெடுத்து வைத்தார்கள். பானை உடைந்தால் வேறு பானை வாங்கினார்கள். குயவருக்கு வரலாறு இல்லாமற் போனதற்கு அவர் செய்பொருளின் இயல்பும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அது மட்டுமே காரணமா என்பதுதான் கேள்வி.

தமிழிலக்கியம் குயவரை அறியாததன்று. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்த கிள்ளிவளவனை அடக்கும் அளவிற்குப் பெரிய தாழியை வனைய இயலுமா எனக் குயவரை வினவுகிறார். 256ஆம் பாட்டிற் கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு அவரை வேண்டுகிறாள். இரண்டும் உள்ளத்தை உலுக்கும் பாடல்கள். இரண்டிலும் குயவர் முன்னிலையில் நிற்கிறார். ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசிய குயத்தி ஒருத்தி உண்டு: வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடியபோதும், புறப்புண் நாணி வடக்கிருந்த தோற்றவனே நல்லன் என உணர்த்திய வெண்ணிக் குயத்தியார். சங்கப் பாடல்களுள் அரசனை நோக்கி அத்துணைத் துணிவோடு பேசியவை சிலவே. ஆயினும் ஊரின் பெயரும் தொழிலின் பெயரும் சேர்ந்து அவரது இயற்பெயரை மூடிவிட்டன. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பிக்கும் வரை அந்தப் பாட்டும் பரவலாக அறியப்படவில்லை. அடுத்து நம் நினைவுக்கு வருபவர் பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார். தில்லையில் வாழ்ந்த அக்குயவர் அடியார்க்குத் திருவோடு வழங்கியவர். அவர் கதையோ அவர் வனைந்த ஓட்டைப் பற்றியதன்று. சிவனடியார் கொடுத்துவைத்து மறைந்துபோன ஓட்டைப் பற்றியது. குயவர் அங்கு அடியாராக வாழ்கிறார். கைவினைஞராக அவரை நாம் சந்திப்பதே இல்லை.

இந்த மறைவை ஒரு சிறப்பாகக் கொண்டாடிய அறிஞர் நம்மவரே. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' கைவினைஞரைக் கலைவரலாற்றின் நடுக்கூடத்திற்குக் கொண்டுவந்த பெருநூல். கண்டி நாட்டுக் குயவர், கொல்லர், நெசவாளர் முதலியோரின் தொழிலை அவரைப்போற் பொறுமையோடு பதிந்தவர் அன்று வேறொருவர் இலர். பிற்காலத்தில் அவர் வலியுறுத்திய கொள்கை பலரும் அறிந்தது: மரபுவழிக் கலைஞன் தன் பெயரைப் பொறிப்பதில்லை; மரபே அவனூடாகத் தொழிற்படுகின்றது; பெயரின்மை அகந்தையின்மையின் அடையாளம். அழகான கொள்கைதான். ஆயினும் அது ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றது. பெயர் பொறிக்க வல்லவனாயிருந்தும் அவன் பொறியாது விட்டான் என்று அது கருதுகின்றது. பொறிக்க வழியில்லாதவனிடம் அடக்கம் என்னும் அறத்தைக் காண்பது, பட்டினி கிடப்பவனை நோன்பாளி என்று போற்றுவதை ஒக்கும். எழுத்து என்னும் கருவி ஒரு குயவரின் கைக்கு எட்டினால் அவர் என்ன செய்வார் என்று சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தாலன்றி இவ்வழக்கைத் தீர்க்கமுடியாது. டேவிட் டிரேக் அத்தகைய வாய்ப்பு.

அவர் 1800ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். எட்ஜ்பீல்ட் மாவட்டத்தில் நல்ல களிமண்ணும் வெண்களிமண்ணும் விறகும் நீரோடையும் இருந்தன. ஏப்னர் லண்ட்ரம் என்பவர் அங்கு தொடக்கிய பாண்டத் தொழிலைச் சுற்றிக் 'குயவர் ஊர்' என்றே பெயர்பெற்ற குடியிருப்பொன்று வளர்ந்தது. தொழிலுக்கு உரியவர்கள் வெள்ளையர். மண் தோண்டியோரும் மிதித்தோரும் வனைந்தோரும் சூளை எரித்தோரும் பெரும்பாலும் அடிமைகள். ஹாவி டிரேக் என்பவரின் உடைமையாக டேவ் தொழில் தொடங்கினார். ஹாவி இறந்தபின் கைமாறினார். லண்ட்ரம் குடும்பத்துப் போதகரொருவருக்கும், அவருடைய மருமகனான லூயிஸ் மைல்ஸ் என்பவருக்கும் உடைமையானார். ஒரு மனிதன் வாழ்க்கையின் அதிகாரங்களை அவன் உடைமையாளரின் பெயர்களால் வகுக்க நேர்கின்றதே, அதுவே அந்த வாழ்க்கையின் முதற் செய்தி. லண்ட்ரம் செய்தித்தாளொன்றும் நடத்தியவர் ஆதலின் அதன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தே டேவ் படிக்கக் கற்றிருக்கலாம் என ஆய்வாளர் ஊகிப்பர். எவ்வாறு கற்றார் என்பதைவிடக் கற்றார் என்பதே பெரிது.

ஏனெனில் அம்மாநிலத்தில் அடிமைக்கு எழுதக் கற்பிப்பது 1740 முதலே குற்றமாயிருந்தது. 1834 டிசம்பரில் இயற்றிய சட்டம் வாசிக்கக் கற்பிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. இவ்வாண்டை யாழ்ப்பாணத்தார் வேறொரு காரணத்துக்காக நினைவிற் கொள்வர். அமெரிக்க மிசனரிமார் மானிப்பாயில் அச்சியந்திரசாலை நிறுவியது அதே 1834இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கர் சிலர் யாழ்ப்பாணத்திலே எழுத்தை அச்சிற் பெருக்கிக்கொண்டிருக்க, அமெரிக்கர் வேறு சிலர் தம் நாட்டிலே அதைச் சட்டத்தாற் சுருக்கிக்கொண்டிருந்தனர். இங்கு வந்தவர்கள் வடபகுதியினர் என்பதை மறந்து இருவரையும் ஒன்றாக்கிவிடலாகாது. அதேபோல நம் பக்கத்தையும் வெண்மையாகக் காட்டலாகாது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். யாழ்ப்பாணத்தில் அதுவரை அடிமைப் பதிவேடுகள் இருந்தன. அவற்றிற் பதியப்பட்ட சமூகங்களுட் குயவர் அடங்கார் என்பது உண்மை. டேவின் நிலையும் நம் குயவரின் நிலையும் ஒன்றென்று சொல்வது வரலாற்றுப் பிழை. ஆயினும் கல்வி சாதி வரம்புக்குள் நின்ற சமூகத்திலே எழுத்தாணி யார் கையில் இருந்தது என்பதற்குப் புலவர் சரித்திரங்களே போதிய சான்று.

அந்த 1834இலேயே டேவின் எழுத்து தொடங்குகின்றது. சூன் மாதத்துச் சாடியொன்றிற் சங்கிலித்தொடர் எனப் பொருள்படும் நீண்ட அருஞ்சொல் ஒன்றை மட்டும் பொறித்தார். அகராதியிற் கண்ட சொல்லை ஆசையோடு எழுதிப் பார்த்த மாணாக்கனின் செய்கையாகவும் அதைக் கொள்ளலாம். சங்கிலியை அறிந்த ஒருவரின் கூர்மையான குறும்பாகவும் கொள்ளலாம். யான் முன்னதையே முதலிற் கொள்வேன்; குறும்பு பின்னர் வரட்டும். அடுத்த மாதம் 12ஆம் நாள் முதலாவது ஈரடிப் பா வருகின்றது. அதன் பொருள் மிக எளியது: இச்சாடி பதினான்கு கலன் கொள்ளும் என்பது. அதிற் புலம்பலோ அறவுரையோ இல்லை. தன் தொழிலின் அளவைத் தானே அறிவிக்கும் ஒரு குயவரின் குரல், அவ்வளவே. அவருடைய கவிதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகின்றேன்.

அவர் பாண்டங்களைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் ஊறுகாய்ச் சாடி என வழங்கும் வன்மண் பாண்டத்தை மனத்திற் கொண்டால் அவற்றை ஊகிக்கலாம், பருமனிற் பன்மடங்கு. உப்பிட்ட இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேமிப்பதற்குப் பண்ணைகளிற் பயன்பட்டவை. ஒரே மூச்சில் வனைய இயலாத பருமன் ஆதலின் அடிப்பாகத்தைத் திகிரியில் எழுப்பி, மேலே மண்திரணை சுற்றிச் சுற்றி உயர்த்தித் தோள் அமைத்தார். சாம்பலும் சுண்ணமும் மணலும் களிமண்ணும் கரைத்த மெருகை மேலே வார்த்துக் கடுஞ்சூட்டிற் சுட, பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடிபோல் உருகி வழிந்து இறுகியது. இத்தகைய சாம்பல் மெருகு ஐரோப்பிய வழக்கிற் காணப்படாதது; கீழைநாட்டுக்குரியது. அல்லைப்பிட்டியில் எடுத்த சீனப் பாண்டங்களின் பசுமெருகும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எட்ஜ்பீல்டுக்கு அது எவ்வழி சென்றது என்பது பற்றி ஆய்வாளர்க்கிடையே வாதம் உண்டு. நமக்குத் தேவையானது வேறு. தோல்போற் பதமான ஈரமண்ணிற் கோலால் எழுதினால் எழுத்துப் பள்ளமாகும். மெருகு வழிந்து அப்பள்ளத்திற் தேங்கி எழுத்தை இருளச்செய்யும். ஓலையில் எழுத்தாணியாற் கீறிக் கரி பூசி எழுத்தைத் துலக்கும் நம் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மையால் மேலே எழுதுவது வேறு. கீறி உள்ளே எழுதுவது வேறு. ஓலை கறையானுக்கு இரையாகும். சுட்ட சாடியில் எழுதியதை உடைமையாளரும் அழிக்க முடியாது.

பா பொறித்த சாடிகளாக இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ நாற்பது. பெயரும் நாளும் மட்டும் பொறித்தவை நூற்றுக்கு மேற்பட்டன. அவர் வனைந்த மொத்தமோ பல்லாயிரமாக இருக்கவேண்டும். அப்பல்லாயிரமும் நம் தீவுப் பானைகள் போலப் பெயரின்றிப் போயின.

இப்பாக்கள் கவிதையா? அமெரிக்க விமரிசகர் சிலர் இவற்றை வானளாவப் புகழ்வர். சிலர் வெறும் வேடிக்கை என்பர். இருசாராரும் இவற்றைச் சாடியினின்று பிரித்தெடுத்துத் தாளில் வைத்துப் படிக்கிறார்கள் என்பதே என் குறை. தாளிற் பல பாக்கள் மெலிந்தே தோன்றும். அடியிறுதி இயைபுக்காகச் சொல்லை நெரித்த இடங்கள் உண்டு. எழுத்துப் பிழைகளும் உண்டு. தமிழ் மாணவருக்கோ இவற்றை அணுகுவதற்கு வேண்டிய கருவி கையிலேயே உள்ளது. தனிப்பாடல் என்று நாம் வழங்குவது யாது? இடமும் காலமும் கேட்போரும் தெரிந்தாலன்றி முழுச்சுவை தராத பாட்டு. காளமேகத்தின் பாடல்களை அவை எழுந்த சந்தர்ப்பம் அறியாமற் சுவைப்பார் உண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துப் புலவரும் சீட்டுக்கவியும் சித்திரகவியும் எழுதியவரே. நாகபந்தத்திலும் இரதபந்தத்திலும் பாட்டைப் பொருளொன்றின் வடிவத்துள் அடைத்துக் காட்டினர். டேவ் பொருளை வரையவில்லை. பொருளையே செய்து அதன்மேல் எழுதினார். இச்சாடி இன்னது கொள்ளும் என்று சாடியே சொல்லும்போது சொல்லும் பொருளும் ஒன்றையொன்று அளக்கின்றன. உடைமையாளரின் பெயரையும் அடுப்பையும் கொதிக்கும் பானையையும் இயைபிற் கோத்து, தான் இன்னாருக்கு உரியவன் எனப் பாடிய 1840ஆம் ஆண்டுப் பாவை இப்படிப் படித்துப் பாருங்கள். பணிவும் பகடியும் ஒன்றாய் உருகி எதுவெதென்று பிரிக்கவொண்ணாது நிற்கின்றன. அச்சாடியைத் தூக்கிப் பயன்படுத்தியவர் அதே உடைமையாளரின் வீட்டார் என்பதை நினைத்தாலே அப்பாட்டின் கூர்மை புலப்படும்.

1840இன் பின்னர் நெடுங்காலம் பாக்கள் மிக அரிதாகின்றன. அவை மீண்டும் பெருகுவது 1857இல். அடக்குமுறைக்கு அஞ்சி மௌனமானார் என்று சிலர் உரைப்பர். அதற்கு நேர்ச்சான்று காட்டப்படவில்லை. பாண்டம் உடைவதும் ஒருவகை மௌனமே. மௌனம் கலைந்த அவ்வாண்டிலே மிகச் சிறந்த பாக்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று இச்சாடியைப் பணத்துக்காகச் செய்தேன் என்று தொடங்கிப் பணத்தைக் குப்பையென்று இகழ்வோரைச் சுட்டுகின்றது. விற்ற காசு தன் கையை அடையாத ஒருவர் இப்படி எழுதினார் என்பதே அதன் அணி. மற்றையது 1857 ஆகஸ்ட் 16ஆம் நாளுக்குரியது. தன் உறவினரெல்லாம் எங்குளரோ என முதலடி வியக்கின்றது. எல்லோருக்கும் எல்லா நாட்டினருக்கும் நட்பு என இரண்டாமடி முடிகின்றது. குடும்பத்தைச் சந்தையிற் பிரித்து விற்ற சமூகத்தில் எழுந்த பாட்டு இது. கணியன் பூங்குன்றனாரை அறிந்தவர்க்கு ஒப்புமை உடனே தோன்றும். தோன்றியவுடன் அதை ஐயுறவும் வேண்டும். பூங்குன்றனார் எல்லாரையும் உறவாகக் கண்டு அமைதி பெற்றவர். டேவுக்கு உறவு எங்கே எனத் தெரியாது; தெரியாத இடத்திலே நட்பை நிரப்புகிறார். முன்னவர் பாட்டு நிறைவிலிருந்து விரிகின்றது, பின்னவர் பாட்டு இன்மையிலிருந்து. ஈரடிக்கு நடுவே உள்ள அந்த இடைவெளி அளவிற் சிறிது. அதை எவ்வுரையாலும் நிரப்பமுடியாது. அவ்வொரு பாட்டுக்காகவே அவரைப் பாவலர் என்பேன்.

1862ஆம் ஆண்டுப் பாவொன்று சிலுவையையும் மனந்திரும்புதலையும் பேசுகின்றது. அதுவே அறியப்பட்டவற்றுள் இறுதியானது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 1870ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் டேவிட் டிரேக், தொழில் வனைதல், என்று ஒரு பதிவு உள்ளது. அடுத்த பத்தாண்டு முடியுமுன் மறைந்தார். 1919இற் சாள்ஸ்ரன் அருங்காட்சியகம் அவர் சாடியொன்றைப் பெற்றதன் பின்னரே ஆய்வு மெல்லத் தொடங்கிற்று. அவருக்குக் கால் ஒன்று இல்லை என்றும், கைகளற்ற மற்றோர் அடிமை திகிரியைச் சுழற்றித் தர அவர் வனைந்தார் என்றும் எட்ஜ்பீல்ட் மக்கள் சொல்லிவந்த கதை அக்காலத்தேதான் கேட்டெழுதப்பட்டது. மெய்யோ அன்றோ, இருவர் சேர்ந்தாலே ஒரு பானை என்பதை அது சொல்கின்றது.

இனிக் குமாரசுவாமிக்குத் திரும்புவோம். எழுத்துக் கைக்கு எட்டிய குயவர் பெயரைப் பொறித்தார்; ஒருமுறையன்று, நூறுமுறை. பொறித்ததால் அவர் பாண்டம் மரபினின்று வழுவிற்றா? இல்லை. ஊரார் வனைந்த அதே வடிவம், அதே மெருகு, அதே பயன். மரபுக்குள் நின்றுகொண்டே ஒருவன் தானும் இருந்தேன் எனச் சொல்லலாம் என்பதை அச்சாடிகள் காட்டுகின்றன. ஆயினும் அப்பெயரை நெருங்கிப் பார்த்தாற் புதிய சிக்கல் ஒன்று எழும். பல சாடிகளில் லூயிஸ் மைல்ஸின் முதலெழுத்துகளும் நாளும் டேவ் என்பதும் சேர்ந்தே நிற்கின்றன. டேவ் என்பது அடிமைகளை அழைத்த குறும்பெயர். டிரேக் என்பது முதல் உடைமையாளரின் குடிப்பெயர். தம் பெயர் என அவர் பொறித்தது முற்றிலும் அவருடையதன்று. வெண்ணிக் குயத்தியாரின் இயற்பெயரை ஊரும் தொழிலும் மூடியது போல, இவருடையதை உடைமையாளர் மூடினர். கையெழுத்து இட்டதனாலேயே ஒருவர் வரலாற்றிற்குள் முழுதாக வந்துவிட்டார் என்று மகிழ்வதற்கில்லை. பெயரின்மையை அறமாக்கிய குமாரசுவாமியோடு முரண்படும் யான் பெயர் பொறித்தலை விடுதலையாக்கும் புதிய விமரிசகரோடும் உடன்படத் தயங்குவது இதனால்தான்.

விலையைக் கொண்டு பெருமை பேசுவோரும் உளர். 2021இல் அவருடைய சாடியொன்று ஏலத்தில் பதினைந்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அவரையே விலைக்கு வாங்கிய நாட்டில் அவர் சாடியின் விலை உயர்ந்ததைப் பெருமையாகக் கொள்வதா என்பதை அந்நாட்டாரே கேட்கத் தொடங்கினர். 2022இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் எட்ஜ்பீல்ட் கறுப்பினக் குயவருக்கெனக் கண்காட்சி நடத்தியது. 2025இற் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 1857ஆம் ஆண்டுச் சாடிகள் இரண்டின் உரிமையை அவர் வழித்தோன்றல்களுக்கு மீளளித்தது. ஒன்றைப் பின்னர் அவர்களிடமே விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. செய்தவருக்கும் செய்பொருளுக்கும் இடையே உரிமை உண்டென்று ஏற்றுக்கொண்ட செயல் இது. உறவினர் எங்கே என்று கேட்ட ஆண்டின் சாடிகள் உறவினரிடம் போய்ச் சேர்ந்தன.

நம் பல்கலைக்கழகங்களில் மட்பாண்டம் தொல்லியல் மாணவருக்கு உரியது. பாட்டு தமிழ் மாணவருக்கு உரியது. அல்லைப்பிட்டி ஓட்டை அளப்பவர் பாவலர் சரித்திர தீபகத்தைத் திறப்பதில்லை. தீபகத்தைப் படிப்பவர் ஓட்டைத் தொடுவதில்லை. கைலாசபதி 1969இல் 'ஒப்பியல் இலக்கியம்' எழுதி மொழிகளுக்கிடையே வேலியை நீக்கினார். ஏட்டுக்கும் சூளைக்கும் இடையே உள்ள வேலி இன்னும் நிற்கின்றது. பழைய ஓடுகளிற் கீறிய குறியீடுகளையும், கொடுமணலிலும் கீழடியிலும் ஓடுகளிற் கண்ட பெயர்களையும் கொண்டு அது எளிதில் தாண்டத்தக்கதே. அப்பெயர்களைப் பெரும்பாலும் பானைக்கு உரியவரின் பெயர்களாகவே அறிஞர் கொள்வர். வனைந்தவர் பெயர்களாக அல்ல. அங்கும் அதே கதைதான்.

1859 மே 13ஆம் நாட் சாடிகளுக்கு இறுதியாக வருவோம். கட்டுரையின் தொடக்கத்தில் டேவின் பெயரை மட்டும் சொன்னேன். புலவர் சரித்திரப் பழக்கம் என்னையும் விடவில்லை. அவ்வளவு பெரிய சாடியை ஒருவர் தனித்து வனைய இயலாது. உடனிருந்து மண்ணைத் தூக்கியும் திரணை சுற்றியும் உழைத்த இன்னோர் அடிமையின் பெயர் பாட்லர். அவர் பெயரில் ஒரு பாவும் இல்லை. அவர் தம் கையால் எழுதியதாகவும் ஒன்றும் இல்லை. தம் பெயரைப் பொறித்த டேவ், மண் உலருமுன், அதன் பக்கத்திலே பாட்லரின் பெயரையும் பொறித்துவிட்டுச் சாடியைச் சூளைக்கு அனுப்பினார்.